வெட்டுத்தாளில் விளையாட்டு வீரர்கள்: ஒட்டுச் சித்திரக் கலை குறித்த ஒரு திறனாய்வு

வண்ணத்தாள், செய்தித்தாள், பழைய நாட்காட்டி, திருமண அழைப்பிதழ் போன்றவற்றை வெட்டியோ கிழித்தோ ஓர் அட்டையில் ஒட்டி உருவாக்கும் படம் ஒட்டுச் சித்திரம் எனப்படும். ஒட்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த 'கொலாஜ்' என்ற பெயரே ஓவியக் கல்லூரிகளில் வழங்குகிறது. பள்ளிகளில் இது கைவேலையாகக் கருதப்படுகிறது. பூ, பழம், வீடு, மயில் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மாணவர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது விளையாட்டு வீரர்களின் உருவம். விளையாட்டு விழா நெருங்கும்போது பள்ளிச் சுவர்களில் ஓடுபவரும், பந்தை உதைப்பவரும், உயரம் தாண்டுபவரும் வண்ணத்தாளில் தோன்றுவார்கள்.

அவர்களுள் பெரும்பாலோர் ஓடுவதில்லை. ஓடுவதுபோல் நிற்கிறார்கள். இது ஏன் நேர்கிறது, உலக அளவில் இக்கலையைச் செய்தவர்கள் இந்தச் சிக்கலை எப்படி எதிர்கொண்டார்கள், விருதுநகர் மாவட்டத்தின் ஏழாயிரம்பண்ணை போன்ற பட்டாசு, தீப்பெட்டி ஊர்களில் இந்தக் கலைக்கு என்ன பொருள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பள்ளிச் சுவரில் காணும் படம்

வழக்கமான ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். செய்தித்தாளில் வந்த கால்பந்து வீரரின் ஒளிப்படம் ஒன்றை மாணவர் கார்பன் தாள் வைத்து அட்டையில் படியெடுக்கிறார். கோட்டுக்குள் வண்ணத்தாளைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்து நிரப்புகிறார். சட்டைக்கு நீலம், காற்சட்டைக்கு வெள்ளை, தரைக்குப் பச்சை. இறுதியில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் உருவத்தைச் சுற்றி ஒரு கோடு. ஆசிரியர் பார்க்கிறார். துண்டுகள் கோட்டைத் தாண்டவில்லை, பசை வழியவில்லை. பத்துக்கு ஒன்பது மதிப்பெண்.

இப்படி ஒன்பது மதிப்பெண் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். நான் பயிற்சி பெற்றது அறிவியல் கற்பிக்க. ஓவிய ஆசிரியர் இல்லாத ஆண்டுகளில் அந்தப் பாடவேளையும் என் தலையில் விழுந்தது. சுத்தம்தான் திறமை என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். படம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்தப் படத்தின் குறைகள் மூன்று. முதலாவது, இதில் கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. வடிவத்தைத் தீர்மானித்தது கார்பன் தாள். வண்ணத்தாள் வெறும் நிரப்பு. வண்ணப் பென்சிலால் தீட்டியிருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும். இரண்டாவது, துண்டுகள் எல்லாம் ஒரே அளவு. உதைக்கும் தொடையும், பின்னால் இருக்கும் வானமும், காலடிப் புல்லும் ஒரே மாதிரியான சில்லுகளால் ஆனவை. விசை எங்கே குவிகிறது, எங்கே தளர்கிறது என்பதைக் கண் அறிய வழியில்லை. மூன்றாவது, கறுப்புக் கோடு. அது உருவத்தைச் சுற்றி வேலி போடுகிறது. வேலிக்குள் நிற்பவர் எங்கே ஓடுவார்?

முதல் முயற்சி: 1912

ஓவியப் பரப்பில் தாளை ஒட்டுவதை நவீன கலையின் வழிமுறையாக ஆக்கியவர்கள் பாரிசில் பணியாற்றிய பிக்காசோவும் பிராக்கும். ஆண்டு 1912. அவர்கள் மேசை, கோப்பை, பழத்தட்டு, இசைக்கருவி போன்ற அசையாப் பொருள்களையே பெரிதும் எடுத்துக்கொண்டார்கள். அதே 1912இல் ஜான் மெட்சிங்கர் என்ற பிரெஞ்சு ஓவியர் ஓடும் மிதிவண்டி வீரர் ஒருவரை எடுத்துக்கொண்டார். பாரிஸ்–ரூபே மிதிவண்டிப் பந்தயத்தின் இறுதிக் கட்டத்தைக் காட்டும் அந்தப் படம் எண்ணெய் வண்ணம், மணல், ஒட்டிய தாள் மூன்றும் கலந்தது. இன்று வெனிசு நகரின் பெக்கி குகன்ஹைம் தொகுப்பில் இருக்கிறது. அவ்வாண்டு வெற்றி பெற்ற சார்ல் குருப்லாந் என்பவரே படத்தில் இருப்பவர் என்பர்.

அதில் வீரரின் தலை ஒளி புகும் பொருள்போல இருக்கிறது. அதன் வழியே பின்னாலுள்ள பார்வையாளர் கூட்டம் தெரிகிறது. வேகமாகக் கடந்து செல்பவரைப் பார்க்கும்போது நம் கண்ணுக்கு நேர்வது இதுதான். ஆளையும் பின்னணியையும் தனித்தனியே பிரிக்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை. பந்தயத் தடத்தின் சொரசொரப்புக்கு உண்மையான மணலையே பூசியிருக்கிறார். ஒவ்வொரு பொருளும் தனக்கு உரிய வேலையைச் செய்கிறது. நம் பள்ளிப் படத்தின் கறுப்பு வேலியோடு இதை ஒப்பிட்டால், உருவத்துக்கும் பின்னணிக்கும் நடுவே எல்லையைத் தளர்த்துவதே வேகத்தைக் காட்டும் ஒரு வழி என்பது புரியும்.

உடலை முழக்கமாக்கிய அட்டைகள்: 1928

1928இல் மாஸ்கோவில் நடந்த ஸ்பார்ட்டகியாடா விளையாட்டு விழாவுக்காக, லாட்வியாவில் பிறந்த குஸ்தாவ் குளூட்சிஸ் என்ற கலைஞர் அஞ்சலட்டைத் தொகுதி ஒன்றைச் செய்தார். ஒளிப்படங்களிலிருந்து வீரர்களை வெட்டி எடுத்து, தட்டையான வண்ணப் பரப்புகளின்மேல் சாய்வாக ஒட்டினார். ஒருவர் பெரியவராக, இன்னொருவர் சிறியவராக இருப்பார். அடிக்கோடு கிடையாது. அட்டையைத் திருப்பிப் பிடித்தால் கூட வீரர் பறப்பதுபோல் தோன்றும். வெட்டி ஒட்டும் கலையின் பெரிய வசதியை அவர் நன்கு அறிந்திருந்தார். உருவத்தை அதன் தரையிலிருந்து பிரித்துவிட்டால் அதற்குப் புவியீர்ப்பு இல்லை.

ஆனால் அந்த அட்டைகளைப் பல முறை பார்த்தபின் ஒரு குறை தெரிகிறது. வீரர்களுக்குத் தனி முகம் இல்லை. எல்லோரும் ஓர் அரசின் முன்னேற்றத்தைக் காட்டும் அம்புக்குறிகள். அதே அரசு பத்தாண்டுகளில், ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில், 1938இல் குளூட்சிசைக் கொன்றது. நம் ஊர்ச் சாலைச் சந்திப்புகளில் வானளாவ நின்ற கட்-அவுட்டுகளையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவையும் வெட்டிய உருவங்களே. பெரிதாக்குவது ஒருவரை உயர்த்தலாம். அவரை அசைய வைக்காது.

மத்தீசின் நீச்சல் குளம்: 1952

இத்துறையின் சிகரம் என்று ஒரு படைப்பைச் சொல்ல வேண்டுமானால், ஹென்றி மத்தீஸ் 1952இல் செய்த 'நீச்சல் குளம்' என்பதையே சொல்லலாம். 1941இல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டபின் அவரால் நீண்ட நேரம் நின்று தீட்ட முடியவில்லை. நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடி, உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கத் தொடங்கினார். சர்க்கசின் ஊஞ்சல் வித்தைக்காரர்களும் கத்தி எறிபவரும் இடம்பெறும் 'ஜாஸ்' என்ற நூல் 1947இல் வந்தது. அந்நூலின் அச்சில் மத்தீசுக்கு மனக்குறை இருந்தது. வெட்டி ஒட்டிய தாளின் மேடுபள்ளம் அச்சில் தட்டையாகிவிட்டது என்பது அவர் வருத்தம். அச்சுத் தொழிலால் வாழும் சிவகாசிப் பகுதி மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அச்சிட்ட படமும் ஒட்டிய படமும் ஒன்றல்ல. பின்னதில் ஒரு தாள் இன்னொரு தாளின்மேல் ஏறி நிற்கிறது. சிறு நிழல் விழுகிறது.

1952 கோடையில், நீரில் பாய்பவர்களைப் பார்க்க வேண்டும் என்று கான் நகரின் குளம் ஒன்றுக்குச் சென்ற மத்தீஸ் வெயில் தாங்காமல் திரும்பினார். தமக்கான குளத்தைத் தாமே செய்துகொள்வதாகச் சொல்லி, நீசு நகரில் தாம் தங்கியிருந்த இடத்தின் உணவறைச் சுவரைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாள் பட்டையை ஒட்டச் செய்தார். நீலத் தாளில் நீந்துபவர்களை வெட்டி அதில் பொருத்தினார். மொத்த நீளம் சுமார் 16 மீட்டர். 1975இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது.

அதில் இரண்டே நிறங்கள், நீலமும் வெள்ளையும். சில இடங்களில் நீலம் உடலாகவும் வெள்ளை நீராகவும் இருக்கிறது. சில இடங்களில் இது தலைகீழாகிறது. நீலம் நீராகிச் சூழ, இடையில் விடுபட்ட வெள்ளை இடமே உடலாகிறது. வெட்டியபின் மிஞ்சும் தாளுக்கும் உருவத்துக்குச் சமமான மதிப்பு உண்டு என்பதை மத்தீஸ் கண்டுகொண்டார். சில உருவங்கள் பட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியே துள்ளுகின்றன. முகம் இல்லை, விரல் இல்லை, நீச்சலுடை இல்லை. ஆனாலும் இவர் நீரில் பாய்கிறார், இவர் மல்லாந்து மிதக்கிறார் என்று குழந்தையும் சொல்லிவிடும்.

குளூட்சிசுக்கும் முகம் இல்லை, மத்தீசுக்கும் முகம் இல்லை. வேறுபாடு எங்கே? குளூட்சிசின் வீரர் எதையோ சுட்டிக்காட்டப் பாய்கிறார். மத்தீசின் நீச்சல்காரர் நீருக்காகவே பாய்கிறார். எண்பது வயதைக் கடந்த, நடக்க இயலாத ஒருவர், தம் உடலால் இனி முடியாத ஒன்றைத் தாளில் செய்து பார்த்தார் என்பதை நினைத்தால் அந்த நீலத்தின் எடை கூடுகிறது.

இந்தியாவிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்வு உண்டு. சாந்திநிகேதனின் பினோத் பிகாரி முகர்ஜி (1904–1980) 1950களின் பிற்பகுதியில் கண்பார்வையை முழுதும் இழந்தபின் தாளை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். முகர்ஜியின் படங்களில் இருப்போர் விளையாட்டு வீரர்கள் அல்லர், அன்றாட மனிதர்கள். ஆனால் விளிம்பை விரலால் தடவி அறிய முடிகிற ஓவிய வகை இது என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று இல்லை.

எந்தக் கணத்தை வெட்டுவது?

1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ், ஓடும் குதிரையை வரிசையான கேமராக்களால் படமெடுத்தார். நான்கு கால்களும் தரையைவிட்டு எழும் கணத்தில் அவை வயிற்றின் அடியில் மடங்கியிருப்பதை உலகம் கண்டது. அதுவரை ஓவியர்கள் முன்னும் பின்னும் நீட்டிய கால்களோடு குதிரையைப் பறக்கவிட்டிருந்தார்கள். ஒளிப்படம் அவர்களைத் திருத்தியது. ஆனால் சிற்பி ரோடான் இதற்கு ஒரு மறுப்புச் சொன்னார். ஒளிப்படம் காலத்தைத் திடீரென நிறுத்திவிடுகிறது. கலைஞரோ ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே உடலில் காட்டுகிறார் என்பது அவர் கருத்து.

வெட்டுத்தாள் கலைக்கு ரோடானின் இந்த வழி மிகப் பொருத்தம். தொடையை ஒரு கணத்திலிருந்தும், முன்கையை அடுத்த கணத்திலிருந்தும் எடுக்கலாம். நம் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் இதை நீண்ட காலமாகச் செய்துவருகிறார்கள். ஆட்டுத்தோலில் வெட்டிய பாவையின் கையைத் தனியே செய்து, மூட்டில் நூலால் கோப்பார்கள். முகம் பக்கவாட்டில் இருக்கும். திரைக்குப் பின்னால் விளக்கு எரியும்போது, கோட்டால் அல்லாமல் விளிம்பால்தான் அனுமனை நாம் அடையாளம் காண்கிறோம்.

இதை வகுப்பில் செய்து பார்த்தேன். படியெடுப்பதை நிறுத்திவிட்டு, தலை, உடல், மேற்கை, முன்கை, தொடை, கணுக்கால் பகுதி என்று தனித்தனித் துண்டுகளாக வெட்டச் சொன்னேன். ஒட்டுவதற்குமுன் அட்டையில் நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். அறிவியல் பாடத்தில் புவியீர்ப்பு மையம் பற்றிப் படித்ததை நினைவுபடுத்தினேன். நிற்பவரின் எடைக்கோடு இரண்டு பாதங்களுக்கு நடுவே விழும். ஓடத் தொடங்குபவரின் எடைக்கோடு பாதத்துக்கு முன்னால் விழும். அதாவது ஓட்டம் என்பது விழுந்துகொண்டே இருந்து, ஒவ்வொரு முறையும் அடுத்த காலால் தாங்கிக்கொள்வது. உடல் துண்டைச் சற்றே முன்னால் சாய்த்ததும் வகுப்பில் "ஓடுறான் சார்!" என்று குரல் எழுந்தது. விரற்கடை அளவுகூட நகர்த்தவில்லை.

அந்தச் சிறு சாய்வுக்கு விளையாட்டிலும் விலை உண்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தை நூறில் ஒரு பங்கு நொடியில் இழந்தார். தடகள விதிப்படி எல்லைக்கோட்டைத் தொட வேண்டியது உடற்பகுதி. கையோ தலையோ காலோ அன்று. நம் பள்ளிப் படங்களிலோ வெற்றியாளர் நிமிர்ந்த மார்போடு, இரு கைகளையும் உயர்த்தி ரிப்பனைத் தொடுகிறார். கடைசி அடியில் மார்பை முன்னே தள்ளும் உடலை வெட்டிய மாணவர் ஒருவரைக்கூட நான் முதல் பல ஆண்டுகளில் பார்த்ததில்லை. பரிசு வாங்கும் தோற்றத்தைத்தான் வெட்டுகிறார்கள். ஓடும் தோற்றத்தை யாரும் அவர்களைப் பார்க்கச் சொல்லவில்லை.

கபடி இந்தக் கலைக்கு இன்னும் ஏற்றது. பாடிச் சென்றவர் பிடிபட்டபின் நடுக்கோட்டைத் தொட நீள்கிறார். ஒருவர் கணுக்காலைப் பிடிக்கிறார், இன்னொருவர் இடுப்பைக் கட்டுகிறார். இங்கே எந்தத் தாள் எதன்மேல் ஏறுகிறது என்பதே கதை. கணுக்காலின்மேல் கைத்துண்டு ஏறினால் பிடி இறுகுகிறது. கைத்துண்டின்மேல் கணுக்கால் ஏறினால் அவர் நழுவுகிறார். பென்சிலால் பத்துக் கோடுகள் போட்டுக் காட்ட வேண்டியதை, ஒட்டும் வரிசை ஒன்றே காட்டிவிடும்.

காகித நாட்டில் இல்லாத உருவம்

1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பெட்டிகளுக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. பட்டாசு மூன்றாவதாகச் சேர்ந்தது. இந்த மூன்று தொழில்களுக்கும் பொதுவான பொருள் காகிதம். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் வெடிக்குக் குழாய் சுற்றுவதும், சரம் பின்னுவதும், தீப்பெட்டி ஒட்டுவதும் வீடுதோறும் தெரிந்த வேலைகள். காகிதத்தை இவ்வளவு நெருக்கமாக அறிந்த மக்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது ஐயமே.

அருகிலுள்ள கோவில்பட்டிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, நாட்காட்டி ஓவியத்தின் பெரும் ஆசானாகிய கொண்டையராஜு (1898–1976) அங்கே தங்கிப் படம் வரைந்தார். அவரும் அவர் மாணவர்களும் தீட்டிய முருகனும் திருமகளும் சிவகாசியில் அச்சாகி இந்தியா முழுதும் பூசையறைகளை அடைந்தன. மற்றொன்று, ஹாக்கி. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் ஊர் அது. தெருவில் மட்டை பிடிக்கும் சிறுவர்களை இன்றும் காணலாம்.

ஒரே ஊரில் படமும் ஆட்டமும் இருந்தும் இவை இரண்டும் சந்திக்கவில்லை என்பதே என் குறை. இந்தப் பகுதியின் அச்சகங்கள் தெய்வங்களையும் தலைவர்களையும் திரை நடிகர்களையும் சிரிக்கும் குழந்தைகளையும் கோடிக்கணக்கில் அச்சிட்டன. கரிசல் மண்ணில் ஹாக்கி ஆடும் கறுத்த, மெலிந்த உடல் எங்கள் வீட்டுச் சுவர்களில் நாட்காட்டியாகத் தொங்கி நான் பார்த்ததில்லை. அதனால் நம் மாணவர் விளையாட்டு வீரரை வெட்டச் சொன்னால் செய்தித்தாளில் வந்த வெளிநாட்டுக் கால்பந்து வீரரையோ தொலைக்காட்சிக் கிரிக்கெட் வீரரையோ தேடிப் போகிறார். பக்கத்து வரிசையில் அமர்ந்திருக்கும், வட்டார அளவில் நீளம் தாண்டிய தோழியைப் பார்ப்பதில்லை.

சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிசில் வெண்கலம். அவரைப் படமாக்கிய ஒரு மாணவர் இரண்டு கால்களையும் ஒன்றுபோல் வெட்டியிருந்தார். காரணம் கேட்டபோது, "கால் அப்படி இருந்தா நல்லா இருக்காது சார்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் காட்டிய அச்சுப் படங்களெல்லாம் குறையற்ற உடல்களே. ஆனால் அந்த ஒரு திருத்தத்தில், தாண்டியவர் யார் என்பதே படத்திலிருந்து போய்விட்டது.

பசையின் மறுபக்கம்

இந்த ஊர்களில் வெட்டி ஒட்டுவது பற்றிப் பேசும்போது மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இங்கே அது குழந்தைகளின் விளையாட்டு அன்று, கூலி வேலை. சிவகாசித் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்தது தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ரூ. 20,000 வீதம் அமர்த்தியவர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. இன்று என் பழைய மாணவர்களின் பெற்றோராக இருப்பவர்களில் பலர் அந்தத் தலைமுறையினர்.

ஆண்டு விழாக் கண்காட்சி ஒன்றுக்கு ஒரு மாணவியின் தாய் வந்தார். பட்டாசு ஆலையில் குழாய் சுற்றுபவர். மகளின் கபடிப் படத்தில் கால் தூசி கிளப்புவதாகக் காட்ட, செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தும் விளிம்பு நேராகவே வந்துகொண்டிருந்தது. தாய் தாளை வாங்கி ஒருமுறை திருப்பினார். "இந்தப் பக்கமாக் கிழிச்சா நேரா வரும். அந்தப் பக்கமாக் கிழிச்சாத்தான் பிசிறு அடிக்கும், பாப்பா" என்றார். குறுக்கே கிழித்த விளிம்பு நார்நாராக எழுந்தது, கரிசல் தூசியேதான்.

ஆலையில் உருவாகும் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படியும். அவ்வாக்கில் கிழித்தால் நேராகவும், குறுக்கே கிழித்தால் பிசிறாகவும் வரும். நான் இதைப் பாடமாக எங்கும் படித்ததில்லை. அவர் கைக்குத் தெரிந்திருந்தது. எப்படி அம்மா தெரியும் என்று கேட்டேன். "பெட்டி ஒட்டுன கை சார். சோறு உங்கப் போனாலும் விரல்ல பசை வாசம்தான் வரும். இவளுக்கு அது வேண்டாம்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புனேன். இங்கயும் ஒட்டத்தான் சொல்றீங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பிறகு யோசித்தேன். பெட்டி ஒட்டியபோது ஒவ்வொன்றும் முந்தையதைப்போல இருக்க வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் கூலி இல்லை. மகளின் படத்தில் ஒவ்வொரு துண்டும் எங்கே போக வேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கிறாள். வேறுபாடு அதுதான். கோட்டைத் தாண்டாமல் நிரப்பு என்று நான் சொல்லி, அதற்கு ஒன்பது மதிப்பெண் கொடுத்த காலம் முழுதும், தெரியாமலே பெட்டி ஒட்டும் வேலையைத்தான் வகுப்பறைக்குள் கொண்டுவந்திருந்தேன்.

பொருள்கள் குறித்து

பட்டாசு ஆலைக் கழிவுத் தாளையும், தீபாவளிக்குப்பின் தெருவில் கிடக்கும் வெடித்த சரத்தின் சிவப்புத் தாளையும் மாணவர்கள் சேகரிக்கக்கூடாது. வெடிக்காத மருந்து ஒட்டியிருக்கலாம். பழைய நாட்காட்டி, அழைப்பிதழ், துணிக்கடை அட்டை, அச்சகங்களில் ஓரம் வெட்டும்போது விழும் துண்டுகள் போதும். மைதாவைக் காய்ச்சிய பசை நல்லது. பூச்சி வராமலிருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகளின் கைக்கு வரக்கூடாது. பசையைத் தாள் முழுதும் அப்பாமல் நடுவில் மட்டும் தடவினால் விளிம்பு சற்றே எழும்பி நிற்கும். மத்தீஸ் அச்சில் காணாமல் வருந்திய அந்த மேடு கிடைக்கும்.

மதிப்பிடுவது எப்படி?

இத்தகைய படத்தைப் பார்க்கும் ஆசிரியரும் மாணவரும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். முகத்தையும் சட்டை எண்ணையும் கைவிரலால் மறைத்தபின்னும் இவர் என்ன செய்கிறார் என்று தெரிகிறதா? உடலின் எடை எங்கே விழுகிறது? விசை குவியும் இடத்தில் தாள் பெரிதாகவோ கூர்மையாகவோ இருக்கிறதா, எல்லா இடத்திலும் ஒரே சில்லா? உருவத்தைச் சுற்றிய வெற்றிடத்துக்கும் ஒரு வடிவம் இருக்கிறதா? கத்தரித்த விளிம்பும் கிழித்த விளிம்பும் வேறு வேறு வேலை செய்கின்றனவா? படத்தில் இருப்பவரை வரைந்தவர் நேரில் பார்த்திருக்கிறாரா?

கடைசிக் கேள்வியே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. மத்தீஸ் குளத்தைப் பார்க்கப் புறப்பட்டார். முழுதாகப் பார்க்க முடியாமல்தான் வெட்டினார். நம் மாணவர்களுக்கு அந்தத் தடையில்லை. மாலை நான்கரைக்கு மைதானத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

மேலே சொன்ன மாணவியின் கபடிப் படத்தில் பிடிபட்டவரின் உடல் ஒரு பழைய நாட்காட்டியிலிருந்து வெட்டப்பட்டது. தொடையில் தேதி எண்கள் தெரிந்தன. சுத்தமில்லை என்று சிலர் சொன்னார்கள். நடுக்கோட்டுக்கும் விரல் நுனிக்கும் இடையே அவள் விட்டிருந்த வெள்ளை இடைவெளி ஒரு நெல்மணி அகலம்கூட இருக்காது. தொடுவாரா மாட்டாரா என்று பார்த்தவர்களெல்லாம் குனிந்து நின்றார்கள். அவள் தாயும் குனிந்து பார்த்தார்.